குலைத் திருட்டிலிருந்து போர்க்கப்பல் வரை: ஊழல் ஏன் நாட்டுப் பாதுகாப்புப் பிரச்சினை?

2025 ஆகஸ்டில் ராணுவத்தின் மூத்த அதிகாரிகள் ஐவரை மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் (எஸ்.பி.ஆர்.எம்.) தடுத்து வைத்தது. ராணுவ நடவடிக்கை பற்றிய தகவலைக் கடத்தல் கும்பலுக்குக் கொடுத்துக் காசு வாங்கினார்கள் என்பது சந்தேகம். அதையொட்டி "தேசியப் பாதுகாப்பு" என்ற சொல் எல்லாச் செய்திகளிலும் வந்தது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். கடத்தல் சிகரெட் இந்த நாட்டில் புதிதா? லஞ்சம் புதிதா? தப்புதான், சரி. ஆனால் இதனால் நாட்டுக்கே ஆபத்து என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஊழல்: பொதுமக்கள் சார்பில் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது. லஞ்சம் அதில் ஒரு வகை. குத்தகையை வேண்டியவருக்குக் கொடுப்பது, பார்த்தும் பார்க்காமல் இருப்பது எல்லாமே இதில் சேரும்.

2. சட்டவிரோத நிதி: சம்பாதித்த விதமோ, அனுப்பிய விதமோ, செலவழிக்கப்போகும் காரியமோ சட்டத்துக்குப் புறம்பாக இருக்கும் பணம். மூன்றும் தப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஒன்று போதும். நேர்மையாக உழைத்த பணத்தை ஆயுதக் குழுவுக்கு அனுப்பினாலும் அது சட்டவிரோத நிதிதான்.

3. நாட்டுப் பாதுகாப்பு: துப்பாக்கியும் கப்பலும் மட்டுமல்ல. யார் நாட்டுக்குள் வருகிறார், யார் குடிமகன், கஜானாவில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, படைகளின் ரகசியம் யார் கையில் இருக்கிறது என்ற நான்குக்கும் அரசால் நம்பிக்கையோடு பதில் சொல்ல முடிவதுதான் பாதுகாப்பு.

மூன்றாவதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை.

1948: அரிசிக்குப் பயந்த அரசாங்கம்

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை வரை நீடித்தது.

பன்னிரண்டு ஆண்டு நடந்த அந்தப் போரில் பிரிட்டிஷ் அரசாங்கம் எதைக் குறிவைத்தது என்பதுதான் இங்கே முக்கியம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு ஆயுதத்தைவிட அரிசியும் பணமும் தகவலும்தான் உயிர். அவை தோட்டங்களிலிருந்தும் காட்டோரக் குடியிருப்புகளிலிருந்தும் போயின, சிலது விருப்பத்தோடு, பலது மிரட்டலில். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் அந்த வழியை அடைத்தது. மக்களை முள்கம்பி வேலிக்குள் குடியேற்றினார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே டின்னைக் குத்தி ஓட்டை போட்டுக் கொடுத்த இடங்களும் உண்டு. சேர்த்து வைத்துக் காட்டுக்குள் அனுப்ப முடியாமல் கெட்டுப்போகட்டும் என்றுதான்.

அந்தக் கெடுபிடியில் மக்கள் பட்ட பாட்டை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் பலவீனம் எங்கே என்று பாருங்கள். வாசலில் நிற்கும் காவலர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஒரு மூட்டையை விட்டுவிட்டால் வேலி இருந்தும் பயனில்லை. அவருக்கு அது சில வெள்ளிதான். மூட்டை யாருக்குப் போகிறது என்று அவர் கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதற்குத்தானே காசு?

இந்தக் கட்டுரைக்கு அடிப்படை இதுதான். காசு வாங்கி வழி விடுபவர், அந்த வழியில் யார் போகலாம் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. சிகரெட்டுக்கு என்று விட்ட வழியில் போதைப்பொருளும் வரும், துப்பாக்கியும் வரும், ஆளும் வருவார்.

திருட்டுப் பணம் நல்ல பணமாவது எப்படி?

வழி விட்டுச் சம்பாதித்த பணத்தை அப்படியே வீட்டில் வைத்திருக்க முடியாது. அதை நியாயமான பணமாகக் காட்டவேண்டும். இதற்குப் பெயர் பணச்சலவை. செம்பனைக் குலை திருட்டைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ராத்திரியில் தோட்டத்து ஓரமாக வெட்டிய குலையை ஆலைக்கு நேராகக் கொண்டுபோக முடியாது. குலை விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். எனவே திருடியவர் அதிகம் கேள்வி கேட்காத ஒரு ராம்புக்கு, அதாவது குலை வாங்கிச் சேர்க்கும் இடத்துக்கு, போகிறார். ராம்புக்காரர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு, உரிமம் வைத்திருக்கும் யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் பெயரில் சீட்டு எழுதிவிடுகிறார். மறுநாள் அந்தக் குலை மற்ற குலைகளோடு லாரியில் ஏறி ஆலைக்குள் போகிறது. எண்ணெயானபின் எந்தச் சொட்டு எந்த மரத்தினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

பணத்திலும் இதே மூன்று படிகள்தான்:

1. நுழைத்தல்: ரொக்கத்தை வங்கிக்குள் கொண்டுவருவது. மலேசியாவில் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாத ரொக்கப் பரிமாற்றத்தை வங்கிகள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் தெரிவிக்கவேண்டும். அதனால் தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பேர் கணக்கில் போடுகிறார்கள்.

2. அடுக்குதல்: கணக்கிலிருந்து கணக்குக்கு, கம்பெனியிலிருந்து கம்பெனிக்கு, நாட்டிலிருந்து நாட்டுக்கு மாற்றித் தடத்தை மறைப்பது.

3. கலத்தல்: வீடு, நிலம், கப்பல், தொழில் என்று வாங்கி நல்ல பணத்தோடு சேர்த்துவிடுவது.

1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்ததும் இதுதான், அளவு மட்டும் வேறு. 2009இல் அந்த அரசு நிறுவனத்திலிருந்து கூட்டுத் தொழிலுக்கு என்று அனுப்பிய 100 கோடி டாலரில் 70 கோடி, சீஷெல்ஸ் தீவில் பதிந்த 'குட் ஸ்டார்' என்ற கம்பெனியின் சுவிஸ் வங்கிக் கணக்குக்குப் போனது. 2012இல் இன்னும் சாமர்த்தியம். அபுதாபியில் ஆபார் என்று உண்மையான முதலீட்டு நிறுவனம் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட அதே பெயரில் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவில் வேறொரு கம்பெனியைப் பதிந்து, 100 கோடி டாலருக்கு மேல் அதற்குத் திருப்பிவிட்டார்கள். சீட்டில் பெயரைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. மொத்தத்தில் 2009 முதல் 2015 வரை 450 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்குச் சொன்னது.

எந்தெந்த வழிகள் விலை போகின்றன

இனி விளைவுக்கு வருவோம். எல்லாம் ஒரே கனம் உள்ளவை அல்ல.

1. எல்லை. 2015 மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் மலைப்பகுதியில் 28 முகாம்களையும் 139 புதைகுழிகளையும் போலீஸ் கண்டுபிடித்தது. ரொஹிங்யா மக்களையும் வங்காளதேசிகளையும் கடத்திவந்து அடைத்து வைத்த இடம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில் ஒரு லெப்டினன்ட் ஜெனரலே 2017இல் ஆட்கடத்தல் வழக்கில் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எல்லையைக் காக்க வைத்த ஆள் கும்பலின் ஆளாக இருந்தால் எல்லையில் ஆள் இல்லாததைவிட மோசம். ஆள் இல்லை என்றால் அரசுக்கு அது தெரியும், வேறு ஏற்பாடு செய்யும். இங்கே காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். விமான நிலையத்தில் 'கவுண்டர் செட்டிங்' என்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். இந்த முகப்புக்கு வா, கேள்வி கேட்காமல் முத்திரை விழும் என்ற ஏற்பாடு. இதற்காகக் குடிநுழைவு அதிகாரிகள் பலரை எஸ்.பி.ஆர்.எம். பிடித்திருக்கிறது.

2. ஆயுதமும் கப்பலும். கடலோரப் போர்க்கப்பல் ஆறுக்கு 900 கோடி வெள்ளி ஒப்பந்தம். முதல் கப்பல் 2019இல் கைக்கு வரவேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிக்கை வந்தபோது 600 கோடிக்கு மேல் கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட வரவில்லை. கடற்படை விரும்பிக் கேட்ட வடிவமைப்பு ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்டது வேறொன்று என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. சாலைக் குத்தகையில் இப்படி நடந்தால் குண்டும் குழியும் கண்ணுக்குத் தெரியும். கப்பல் வராதது கரையில் இருக்கும் நமக்குத் தெரியாது. தென்சீனக் கடலில் ரோந்து போகிறவருக்கும், அவரை எதிர்த்து நிற்பவருக்கும்தான் தெரியும்.

ஆகாயப்படையின் எப்-5 போர் விமான எஞ்சின்கள் இரண்டு 2007இல் சுங்கை பெசி தளத்திலிருந்து காணாமல் போயின. மக்களுக்குத் தெரிந்தது 2009 கடைசியில். அவை தென் அமெரிக்காவில் உருகுவேயில் இருப்பது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. எஞ்சினைக் கைப்பையில் போட்டு யாரும் எடுத்துப்போக முடியாது. எத்தனை கையெழுத்து, எத்தனை வாசல் தாண்டியிருக்கவேண்டும்!

3. ராணுவ ரகசியம். பினாங்கில் பிறந்த லெனர்ட் கிளென் பிரான்சிஸ் என்பவர் சிங்கப்பூரில் கம்பெனி வைத்து, ஆசியத் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்கு உணவு, எரிபொருள், குப்பை அகற்றும் சேவை என்று கொடுத்துவந்தார். அமெரிக்காவின் 7ஆவது கடற்படை அணியின் அதிகாரிகளுக்கு விருந்து, ஹோட்டல், பெண்கள், ரொக்கம் என்று கவனித்துக்கொண்டார். பதிலுக்குக் கப்பல்களின் ரகசியப் பயண அட்டவணை அவருக்குக் கிடைத்தது. தனக்கு லாபம் தரும் கிள்ளான் துறைமுகம் போன்ற இடங்களுக்குக் கப்பல்களைத் திருப்பிவிடவும் முடிந்தது. சுமார் 5 லட்சம் டாலர் லஞ்சம், அதற்கு 3 கோடியே 50 லட்சம் டாலர் அளவுக்கு அதிகப்படி பில். 2013இல் பிடிபட்டார், 2022இல் தப்பி வெனிசுவேலாவில் மாட்டினார், 2024இல் 15 ஆண்டு தண்டனை.

அந்தத் தகவலை அவர் வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுத்தியதாகத்தான் வழக்கு. ஆனால் உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த கடற்படையின் நடமாட்டத்தை ஒரு மளிகை வியாபாரி விலைக்கு வாங்க முடிந்தது என்றால், எதிரி நாடு ஒன்று வாங்க எவ்வளவு நேரமாகும்? அடுத்தவர் நாட்டுக் கடற்படை என்று நாம் சும்மா இருந்துவிடவும் முடியாது. அந்தக் கப்பல்கள் நின்றது நம் துறைமுகத்தில்.

4. குடியுரிமை. தோட்டத்து மக்களுக்கு இது மனதைச் சுடும் விஷயம். சபாவில் வெளிநாட்டவருக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை முறைகேடாகக் கொடுக்கப்பட்டது குறித்து விசாரித்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2014 டிசம்பரில் வெளியானது. காசுக்காக இயங்கிய கும்பல்களும் அவற்றோடு கைகோத்த அதிகாரிகளும் இருந்ததை அது சொன்னது. அதே நாட்டில், இதே பேராக்கில், தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐம்பது வருஷம் பால் வெட்டி, பிறப்புப் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டையோடு முதுமையடைந்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல்தான் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் அப்படிப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. பணம் இருந்தவருக்குத் திறந்த வழி, பத்திரம் இல்லாதவருக்கு அடைத்துக் கிடந்தது. அநீதி என்பது ஒரு பக்கம். தன் மக்கள் யார் என்பதற்கான பதிவையே அரசால் நம்ப முடியாமல் போவது இன்னொரு பக்கம். வாக்காளர் பட்டியலும் பாஸ்போர்ட்டும் அந்தப் பதிவிலிருந்துதான் வருகின்றன.

5. கஜானா. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான கே.டபிள்யூ.ஏ.பி.யிடம் 400 கோடி வெள்ளி கடன் வாங்கியது. போலீஸ்காரர், வாத்தியார், தாதி எல்லாருடைய முதுமைக்காலப் பணமும் அதில் உண்டு. எஸ்.ஆர்.சி. பணத்தில் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் கணக்குக்குப் போனது. அந்த வழக்கில் 2020இல் அவருக்கு 12 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு அரச மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாகக் குறைத்தது.

கஜானாவில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க யாரிடமாவது கைநீட்டவேண்டும். கடன் கொடுப்பவர் சும்மா கொடுக்கமாட்டார். 2016இல் சீன நிறுவனத்தோடு கையெழுத்தான இரண்டு எரிகுழாய்த் திட்டங்களின் மதிப்பு 940 கோடி வெள்ளி. 2018இல் ஆட்சி மாறிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது 13 சதவீத வேலைக்கு 88 சதவீதப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. 1எம்டிபி கடனை அடைக்க இத்தகைய திட்டங்கள் பயன்பட்டதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. சந்தேகம் ஒருபுறம் இருக்கட்டும். இப்படிச் சிக்கிக்கொண்ட நாடு, அதே வல்லரசோடு கடல் எல்லைத் தகராறு வரும்போது எவ்வளவு உரக்கப் பேச முடியும்?

சின்னத் தொகை, சின்ன ஊர்

இதெல்லாம் கோலாலம்பூரில் நடப்பது என்று நினைத்தால், பணச்சலவையின் முதல் படியை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். துண்டு துண்டாகப் போட ஆயிரக்கணக்கான கணக்குகள் வேண்டும். அவை கிடைப்பது நம் மாதிரி ஊர்களில்தான். வேலை இல்லாத பையனிடம் யாராவது வந்து, "தம்பி, உன் பேங்க் கார்டையும் பின் நம்பரையும் கொடு, மாசா மாசம் சில நூறு தர்றோம்" என்பார். இதைத்தான் அகவுன் கெல்டாய் என்கிறார்கள். பையன் எதையும் திருடவில்லை. ஆனால் பேராக்கில் ஒரு பாட்டி போன் மோசடியில் இழந்த சேமிப்பும், எங்கோ ஒரு போதைப்பொருள் வியாபாரியின் வசூலும் அவன் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவை. 2024 அக்டோபர் கடைசியிலிருந்து குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு.

அப்புறம் உண்டியல். தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் வங்கி வரிசைக்கும் கட்டணத்துக்கும் பயந்து உரிமம் இல்லாத ஆளிடம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அதில் பெரும்பாலானது வியர்வைப் பணம், சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால் அந்த வழியில் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. 2025 ஜூலையில் போலீஸ் வெளியிட்ட தகவல் இதற்கு நல்ல உதாரணம். ஐ.எஸ். இயக்கத்தோடு தொடர்பு என்று பிடிபட்ட வங்காளதேசிகள் குழு ஒன்று, உறுப்பினருக்கு வருஷம் 500 வெள்ளி சந்தா என்று வசூலித்து மின்பணப்பை மூலமாகவும் பிற வழிகளிலும் வெளிநாட்டுக்கு அனுப்பியதாம். 500 வெள்ளி! எந்த வங்கி எச்சரிக்கையும் ஒலிக்காத தொகை. இதை வைத்துக்கொண்டு பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசித் தொழிலாளியை முறைத்துப் பார்ப்பது முட்டாள்தனம். அவர்களை உரிமம் உள்ள வழிக்குக் கொண்டுவராமல் விட்டதுதான் ஓட்டை.

'பாதுகாப்பு' என்று சொல்லியே மூடினால்?

ஊழலைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தமிழர்கள் இதில் அனுபவசாலிகள். 2007இல் இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராப் பேரணிக்குப் பின் அதன் தலைவர்கள் ஐவர், விசாரணை இல்லாமல் அடைக்கும் இசா சட்டத்தில் உள்ளே போனார்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரை சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள், 2020 பிப்ரவரியில் அந்த வழக்குகள் கைவிடப்பட்டன. "தேசியப் பாதுகாப்பு" என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது திருடன் பிடிபட்டது அல்ல, தெரிந்த பையன் பிடிபட்டது.

1எம்டிபியிலும் இந்தச் சட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். வெளிநாட்டுப் போலீசில் 1எம்டிபி பற்றிப் புகார் கொடுத்த கைருடின் அபு ஹசானையும் அவருடைய வழக்கறிஞர் மத்தியாஸ் சாங்கையும் 2015இல் சொஸ்மாவில்தான் அடைத்தார்கள். நாட்டின் வங்கித் துறையை நாசம் செய்ய முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் குற்றம் சொஸ்மாவின் கீழ் வராது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் சொல்லிவிட்டது. 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையையும் அரசாங்க ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் பூட்டி வைத்தார்கள், 2018 மே மாதம் ஆட்சி மாறும் வரை.

ராணுவக் கொள்முதலில் ஊழல் தழைப்பதற்கும் இதுதான் காரணம் என்பேன். கப்பலின் ஆயுதத் திறன் ரகசியமாக இருக்கலாம். அதன் விலையும், யாருக்குக் கமிஷன் போனது என்பதும், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பதும் எதிரிக்குப் பயன்படும் ரகசியங்கள் அல்ல. நமக்குத் தெரியக்கூடாத ரகசியங்கள், அவ்வளவுதான்.

பார்த்தவர் யாரிடம் சொல்வது?

வாசலில் மூட்டை போவதைப் பார்த்தவருக்கு, ராம்பில் பொய்ச் சீட்டு எழுதுவதைக் கண்ட கிராணிக்கு, என்ன வழி இருக்கிறது? 2010இல் வந்த தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக்கூடாது.

1. தகவலைச் சட்ட அமலாக்கத் துறையிடம்தான் கொடுக்கவேண்டும். பத்திரிகைக்கோ பேஸ்புக்குக்கோ கொடுத்தால் இந்தச் சட்டம் காப்பாற்றாது.

2. ரகசியக் காப்புச் சட்டம் போன்ற வேறொரு சட்டம் தடுக்கும் தகவலாக இருக்கக்கூடாது என்பது 2010இல் சட்டம் வந்தபோது இருந்த வாசகம். அது இன்றும் அப்படியே இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு இறங்கவேண்டும். ராணுவக் கொள்முதல் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஒருவருக்கு அந்த வாசகம் என்ன அர்த்தம் தந்திருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை.

முதல் நிபந்தனையில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. புகார் வாங்கும் துறையிலேயே காசு வாங்கும் ஆள் இருந்தால்? அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்தத் துறையை விட்டுவிட்டு நேராக எஸ்.பி.ஆர்.எம்.மிடம் போகலாம். வங்கிக் கணக்கு மோசடி என்றால் 997க்குப் போன் போடலாம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போடுமுன் அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ஏற்கெனவே புகார் வந்த கணக்காக இருந்தால் காட்டிவிடும்.